அடுப்பை எடுத்தோம், பூனைக்கு என்ன கொடுத்தோம்?



இந்த மாதச் சுவர் இதழுக்குப் 'பனிக்காலம்' என்று தலைப்பு கொடுத்தார்கள். உறைபனியில் தேயிலை கருகுவது பற்றி ஒருவர் எழுதுகிறார். சுற்றுலாப் பயணிகள் பற்றி ஒருவர் எழுதுகிறார். நான் எங்கள் வீட்டுப் பூனையைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் வகுப்பில் சிரித்தார்கள். "பூனைக்கு என்னடி கட்டுரை? அது அடுப்படியில படுத்துக்கும், அவ்ளோதானே!" என்றாள் என் பக்கத்து பெஞ்ச் தோழி.

அவள் சொன்ன அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கட்டுரை முழுவதும் பதில். ஏனென்றால் இப்போது நம்மில் பல பேர் வீட்டில் அந்த அடுப்படி இல்லை. சிரித்தவர்களும் கடைசி வரை படித்துவிட்டுச் சிரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஊர்ப் பனி

நீலகிரியில் இருக்கிற நமக்குப் பனியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நவம்பரில் நீர்ப்பனி. டிசம்பர் வந்தால் உறைபனி. காலையில் பள்ளிக்கு வரும்போது மைதானத்துப் புல் எல்லாம் உப்பைத் தூவிய மாதிரி வெள்ளையாக இருக்கும். உதகையில் சில நாள் வெப்பமானி 0 டிகிரியைத் தொடுகிறது. தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கமெல்லாம் அதற்கும் கீழே போகிறது.

மேகம் இல்லாத ராத்திரியில்தான் உறைபனி அதிகம். பகலில் பூமி வாங்கிய வெப்பம் தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி கொஞ்சம் தடுத்து வைக்கும். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடுகிறது. அதனால்தான் மேட்டு வீட்டை விடப் பள்ளத்து வீட்டில் குளிர் அதிகம். அதே காரணத்தால் கட்டிலில் படுக்கிற நமக்கு அடிக்கிற குளிரை விடத் தரையில் படுக்கிற பூனைக்கு அடிக்கிற குளிர் அதிகம். இதை நான் எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் வெறும் பாதத்தை வைத்தே தெரிந்துகொண்டேன்.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று பெரியவர்கள் பழமொழி சொல்வார்கள். தரையையே துளைக்கிற பனி, ஒரு பூனையின் முதுகை விட்டுவைக்குமா?

தாவரவியல் பூங்காவில் பனிக்காலம் வந்தால் செடிகளுக்கு மிலார் வைத்து மூடுகிறார்கள். காலையில் தண்ணீர் தெளித்துப் புல்லின் மேலிருக்கிற பனியைக் கரைக்கிறார்கள். அது நல்ல காரியம். ஆனால் செடிக்குக் கூட பனி ஆகாது என்று தெரிந்த நமக்கு, நம் வீட்டுக்குள் நடமாடுகிற ஓர் உயிருக்கு ஆகுமா ஆகாதா என்று தோன்றவே இல்லையே! ஏன்?

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் பூனையின் பெயர் சாம்பி. அது சாம்பல் நிறம் கிடையாது, வெள்ளையில் கறுப்புத் திட்டு போட்டது. குட்டியாக வந்தபோது எப்போது பார்த்தாலும் மண் அடுப்புக்குப் பக்கத்தில், கொடி அடுப்பை ஒட்டிச் சாம்பலில் புரண்டுகொண்டே இருக்கும். அதனால் பாட்டி வைத்த பெயர் அது.

ராத்திரி சமையல் முடிந்ததும் பாட்டி தணலைச் சாம்பலால் மூடி வைப்பார். காலையில் ஊதினால் மறுபடி பற்றிக்கொள்ளும். அதுவரை அடுப்பு மேடை இளஞ்சூடாகவே இருக்கும். சாம்பிக்கு அதுதான் மெத்தை. அதற்குப் பனிக்காலம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

2023 கோடை விடுமுறையில் எங்கள் சமையலறையை மாற்றிக் கட்டினோம். மண் அடுப்பை உடைத்தோம். மேடை கட்டி, டைல்ஸ் ஒட்டி, கேஸ் அடுப்பு வைத்தோம். அம்மாவுக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். பதினேழு வருஷமாகப் புகையில் கண் எரிந்து, இருமி இருமிச் சமைத்தவர். ஆகவே விறகடுப்பு திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்தப் புகை யாருக்கும் வேண்டாம்.

ஆனால் புது சமையலறை வந்ததும் ஒரு புதுச் சட்டமும் வந்தது. ராத்திரி ஒன்பது மணிக்குச் சாம்பி வெளியே போக வேண்டும். டைல்ஸில் ரோமம் ஒட்டுகிறது, பால் பாத்திரத்தில் வாய் வைக்கிறது என்று காரணம். அம்மாதான் சொன்னார் என்றாலும் நானும் சரி என்றேன். என் யூனிஃபார்ம் பாவாடையில் ரோமம் ஒட்டி வகுப்பில் கேலி செய்தார்கள் என்பது என் காரணம்.

2025 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். அன்றைக்கு வானத்தில் ஒரு மேகம் இல்லை. நான் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு படுத்திருந்தேன். பின்கதவை யாரோ சுரண்டுகிற சத்தம் கேட்டது. யாரோ என்ன, சாம்பிதான். எனக்கு நன்றாகத் தெரியும். கட்டிலிலிருந்து பின்கதவுக்கு இருபது அடி தூரம் கூட இல்லை. ஆனால் தரை சில்லென்று இருக்குமே! எழுந்திருக்க மனசு வரவில்லை. கம்பளியைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சுரண்டல் நின்றது. "அப்பாடா, எங்கேயோ போய்ப் படுத்துக்கிச்சு" என்று நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

எங்கே போய்ப் படுத்தது என்பது காலையில்தான் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வெந்நீர் அடுப்பு ஒன்று மட்டும் இன்னும் விறகில்தான் எரிகிறது. எங்கள் வீட்டில் மிச்சமிருந்த ஒரே அடுப்பு அது. சாயங்காலம் எரித்த சூடு கொஞ்சம் சாம்பலில் இருந்திருக்கிறது. சாம்பி அதற்குள்ளே போய்ச் சுருண்டுகொண்டது.

ஐந்தரை மணிக்கு, இருட்டில், அம்மா காகிதத்தையும் சுள்ளியையும் வைத்துப் பற்ற வைத்தார். அடுத்து கேட்ட அலறலில் தெருவே விழித்துக்கொண்டது.

இடது முன்னங்கால் வெந்துபோயிருந்தது. மீசை ஒரு பக்கம் முழுவதும் பொசுங்கிவிட்டது. அது நடுங்கிக்கொண்டு துணி மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அம்மா கையைப் பிசைந்துகொண்டு அழுதார்.

நான் அப்போது செய்த இரண்டாவது தப்பையும் சொல்லிவிடுகிறேன். அது நடுங்குகிறதே என்று நீலகிரித் தைலத்தை எடுத்து அதன் மார்பிலும் முதுகிலும் தேய்த்தேன். எனக்குச் சளி பிடித்தால் அம்மா அப்படித்தானே செய்வார்! அரை மணி நேரத்தில் அதற்கு வாயில் எச்சில் வடிய ஆரம்பித்தது. நிற்க முடியாமல் தள்ளாடியது. அப்பா அதைக் கூடையில் வைத்து, துணியால் மூடி, அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினார். நானும் போனேன்.

டாக்டர் முகர்ந்து பார்த்ததுமே கேட்டார், "தைலம் போட்டீங்களா?" நான் தலையை ஆட்டினேன். அவர் திட்டவில்லை. "பூனை சின்ன மனுஷன் இல்லம்மா. நம்ம கல்லீரல் முறிக்கிற பல விஷயத்தை அதோட கல்லீரலால முறிக்க முடியாது. நீ தோல்ல போட்டாலும் அது நக்கி உள்ளே கொண்டுபோயிடும்" என்றார். இளஞ்சூட்டுத் தண்ணீரில் தைலத்தைக் கழுவி, துடைத்து, ஊசி போட்டு, காலுக்குக் கட்டுப் போட்டார்.

சாம்பி பிழைத்துக்கொண்டது. பத்து நாள் கழித்து நொண்டி நொண்டி நடந்தது. இன்றைக்கும் அந்தக் காலில் ரோமம் முளைக்காத ஒரு தழும்பு இருக்கிறது. யார் தப்பு என்று கேட்டால், இருட்டில் அடுப்பு பற்ற வைத்த அம்மாவின் தப்பு இல்லை. அவருக்குத் தெரியாது. சுரண்டல் சத்தம் கேட்டும் எழுந்திருக்காதவள் நான்தான்.

"அந்தக் காலத்துல யாரு மெத்தை போட்டா?"

இந்தக் கதையைச் சொன்னால் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி இது. எங்கள் பாட்டியே கேட்டார். "எங்க காலத்துல பூனைக்கு யாரு பொட்டி வச்சா, யாரு போர்வை போத்துனா? அது அதைப் பாத்துக்கும்."

நான் ரொம்ப நாள் யோசித்தேன். பாட்டி சொல்வது பொய் இல்லை. அந்தக் காலத்தில் பூனை தன்னைத் தானே பார்த்துக்கொண்டது உண்மைதான். ஆனால் எதை வைத்துப் பார்த்துக்கொண்டது? பாட்டி மூடி வைத்த தணலை வைத்து! ஓட்டுக்கு அடியில் இருந்த பரண், விறகு அடுக்கின் சந்து, வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, எப்போதும் ஒரு விரற்கடை திறந்திருக்கிற பின்கதவு... இத்தனையும் இருந்தது. பூனைக்கென்று நாம் எதுவும் செய்யவில்லை, ஆனால் வீடே அதற்குச் செய்துகொண்டிருந்தது.

ஏழ்மையைச் சொல்வதற்கு "அடுப்பில் பூனை தூங்குகிறது" என்று ஒரு வழக்கு உண்டு. உலை வைக்க அரிசி இல்லை, அதனால் அடுப்பு எரியவில்லை, அதில் பூனை தூங்குகிறது என்று பொருள். நன்றாகக் கவனியுங்கள். ஏழை வீட்டு எரியாத அடுப்பில் கூட பூனைக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது! இன்றைக்கு எங்கள் வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிகிறது. பூனைக்கு இடம் இல்லை.

கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, இடுக்கு இல்லாத கதவு, கேஸ் அடுப்பு. எல்லாம் நமக்கு நல்லது. ஆனால் இவற்றில் எதுவும் ராத்திரியில் பூனைக்குச் சூடு தராது. அதனால் "அது அதைப் பார்த்துக்கும்" என்று சொல்கிற உரிமை, அடுப்பை உடைத்த அன்றே நமக்குப் போய்விட்டது. இதுதான் என் கருத்து. ஓர் உயிர் நம்பியிருந்த ஒன்றை நம் வசதிக்காக எடுத்தால், அதற்குப் பதிலாக ஒன்றைக் கொடுப்பது நம் கடமை.

"அதுக்குத்தான் ரோமம் இருக்கே!"

இது என் வகுப்புத் தோழர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் கொஞ்சம் அறிவியலையும் பார்ப்போம்.

நம் உடம்பின் வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். பூனைக்கு 38 முதல் 39. தொட்டால் கதகதப்பாக இருப்பதால் அதற்குக் குளிராது என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தச் சூட்டைக் காப்பாற்ற அது சாப்பிட்டதை எல்லாம் எரித்துக்கொண்டிருக்கிறது. கூடுதல் உழைப்பு இல்லாமல் உடம்புச் சூடு சரியாக நிற்பதற்குப் பூனைக்குத் தேவையான வெப்பநிலை 30 முதல் 38 டிகிரி. நம் ஊரில் ஜனவரி மாதம் பட்டப்பகலிலேயே 20 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கிறது. வெயில் எந்த ஜன்னலில் விழுகிறதோ அங்கே பூனை நகர்ந்து நகர்ந்து படுப்பது சோம்பேறித்தனம் இல்லை.

வீட்டுப் பூனையின் முன்னோர் ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழ்ந்த காட்டுப் பூனை. வறண்ட, வெயில் ஊர்க்காரர். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட பூனையின் எலும்பை ஆய்வாளர்கள் கண்டுபிடித்து, 2004-இல் வெளியிட்டார்கள். அவ்வளவு காலமாக அது நம் கூடவே இருக்கிறது. வெயில் ஊரிலிருந்து இந்த மலைக்கு அது தானாக நடந்து வரவில்லை. மனிதர்கள் போன இடமெல்லாம் கூடப் போய், கடைசியில் இங்கேயும் வந்து சேர்ந்தது.

ரோமத்துக்கு வருவோம். ரோமம் சூடு தருவதில்லை. ரோமத்துக்குள் அடைபட்ட காற்றுதான் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. பனியிலும் சாரலிலும் ரோமம் நனைந்தால் அந்தக் காற்று போய்விடும். நனைந்த கம்பளியைப் போர்த்திப் பாருங்கள், தெரியும். காது நுனி, பாதம் போன்ற இடங்களில் ரோமமும் குறைவு. குட்டிகளுக்கோ முதல் சில வாரங்கள் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கவும் தெரியாது. தாயின் வயிறுதான் அதற்கு அடுப்பு.

இன்னொன்று. பூனை தன் வலியை வெளியே காட்டாது. நாய் மாதிரி வந்து முனகாது. ஒளிந்துகொள்ளும். அது சும்மா இருக்கிறது என்றால் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம் கிடையாது. அன்றைக்கு ராத்திரி சுரண்டல் சத்தம் நின்றதும் நான் நிம்மதி அடைந்தேனே, அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

"மனுஷனுக்கே போர்வை இல்ல..."

இந்தக் கேள்விக்குத்தான் நான் மிகவும் தயங்கினேன். பேருந்து நிலையத்தில் சாக்கைப் போர்த்திப் படுத்திருப்பவர்களை நாம் பார்க்கிறோம். நம் பள்ளியிலேயே ஸ்வெட்டர் இல்லாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியிருக்கும்போது பூனையைப் பற்றிப் பேசுவது பணக்காரப் பேச்சு இல்லையா?

நான் கேட்பது கடையில் விற்கிற பூனைக் கட்டிலும் பூனைச் சட்டையும் இல்லை. ஓர் அட்டைப் பெட்டி. ஒரு கிழிந்த ஸ்வெட்டர். மளிகைக் கடையில் கேட்டால் பெட்டியைச் சும்மாவே தருவார்கள். இதற்கு ஆகிற செலவு பூஜ்யம். பூனைக்குப் பெட்டி வைத்தால் பேருந்து நிலையத்துப் பெரியவருக்குப் போர்வை குறைந்துபோகாது. ஓர் உயிருக்குக் குளிரும் என்று எண்ணப் பழகியவர்தான் இன்னோர் உயிரையும் எண்ணிப் பார்ப்பார் என்று நான் நம்புகிறேன். சாம்பிக்கு நடந்த பிறகுதான் எங்கள் அம்மா பீரோவில் சும்மா கிடந்த இரண்டு பழைய கம்பளியைத் துவைத்து, காலையில் கேரட் கழுவுகிற வேலைக்குப் போகும் அக்காவிடம் கொடுத்தார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சில வீட்டில் யாருக்காவது வீசிங் இருக்கும். ரோமம் ஆகாது. கைக்குழந்தை இருக்கும். அங்கே உள்ளே விடச் சொல்ல மாட்டேன். ஆனால் திண்ணையிலோ விறகுக் கொட்டகையிலோ ஒரு பெட்டி வைக்கலாமே!

"உள்ளே விட்டா எலி பிடிக்காது" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிருக்கு எலியும் வீட்டுக்குள்தான் வருகிறது. நடுங்குகிற பூனையை விடத் தெம்பான பூனைதான் நன்றாக எலி பிடிக்கும். போதாததற்கு, நாயையும் பூனையையும் தேடிச் சிறுத்தை குடியிருப்புக்குள் வருவது நம் மாவட்டத்தில் புதிதில்லை. ராத்திரி வெளியே நிற்கிற பூனைக்குக் குளிர் மட்டும் ஆபத்து இல்லை.

நாம் செய்யக்கூடியவை

டாக்டரிடம் கேட்டதையும், நாங்கள் வீட்டில் செய்து பார்த்ததையும் எழுதுகிறேன். விருப்பமுள்ளவர்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

1. அட்டைப் பெட்டியில் பூனை நுழைகிற அளவுக்கு மட்டும் ஓட்டை போடுங்கள். பெரிய ஓட்டை போட்டால் சூடு வெளியே போய்விடும். காற்று அடிக்காத பக்கம் வாசலைத் திருப்பி வையுங்கள். பெரிய பெட்டியை விட, பூனை சுருண்டு படுக்கிற அளவுப் பெட்டியே சீக்கிரம் சூடாகும்.

2. பெட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்லோ பலகையோ போட்டு அதன் மேல் வையுங்கள்.

3. வீட்டுக்குள் என்றால் உள்ளே பழைய கம்பளித் துணி போடலாம். வெளியே என்றால் காய்ந்த வைக்கோல்தான் நல்லது. துணி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வைக்கோல் அவ்வளவு இழுக்காது.

4. கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவே கூடாது. பூனைக்காகவும் கூடாது, நமக்காகவும் கூடாது. அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

5. வெந்நீர் அடுப்பு பற்ற வைக்கும் முன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். விறகால் இரண்டு தட்டு தட்டுங்கள். எங்கள் வீட்டில் இப்போது இதுதான் சட்டம்.

6. ஜீப், கார், பிக்கப் வண்டி வைத்திருக்கிறவர்கள் காலையில் கிளப்பும் முன் பானெட்டைத் தட்டுங்கள். எஞ்சின் சூட்டுக்காகப் பூனை அதற்குள் ஏறிப் படுத்துக்கொள்ளும்.

7. தைலம், சளிக்குத் தேய்க்கிற பாம், கற்பூர எண்ணெய் எதையும் பூனைக்குத் தேய்க்காதீர்கள். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் தைலம் தேய்க்கிற பழக்கம் இருப்பதால் இதை அடிக்கோடு போட்டுச் சொல்கிறேன்.

8. காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது. நாம் போடுகிற ஒரு மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடும். அதன் ரத்தச் சிவப்பணுக்களை அது கெடுத்துவிடுகிறது.

9. பனிக்காலத்தில் வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பாடு வையுங்கள். உடம்புச் சூட்டுக்கு அதுதான் விறகு. ஐஸ் மாதிரி இருக்கிற சோற்றை வைக்காமல் இளஞ்சூட்டில் வையுங்கள்.

10. தண்ணீரை மறக்காதீர்கள். குளிருக்குப் பூனை தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடும். முக்கியமாகக் கடுவன் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டால் அது உயிருக்கே ஆபத்து. முக்கி முக்கி உட்கார்ந்தும் வரவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். தண்ணீருக்குப் பதில் பால் ஊற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும்.

11. குளிக்க வைக்காதீர்கள். மழையில் நனைந்து வந்தால் துண்டால் அழுத்தி நன்றாகத் துவட்டி விடுங்கள்.

12. நடுக்கம், சில்லென்ற காது, சில்லென்ற பாதம், மந்தம், இவை குளிர் தாக்கியதற்கு அடையாளம். நடுங்கிக்கொண்டிருந்த பூனை நடுக்கம் நின்று துவண்டு கிடந்தால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், அது இன்னும் மோசம். துணியில் சுற்றி, வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். வெறும் பாட்டிலை வைத்தால் தோல் வெந்துவிடும்.

பேகன் செய்தது

கடையெழு வள்ளல்களில் ஒருவன் பேகன். மயிலுக்குப் போர்வை கொடுத்தவன். நாம் எல்லோரும் படித்திருக்கிறோம், பரீட்சையிலும் எழுதியிருக்கிறோம். எங்கள் வகுப்பில் அந்தப் பாடம் நடந்தபோது, "மயில் போர்வையை வச்சுக்கிட்டு என்ன சார் பண்ணும்?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தோம். தமிழய்யாவும் சிரித்துவிட்டுச் சொன்னார், "மயிலுக்கு அது உபயோகப்பட்டுச்சோ இல்லையோ, அதுக்குக் குளிருதோன்னு ஒருத்தன் நின்னு பார்த்தான் இல்லையா? அதுக்குத்தான்டா இன்னிக்கு வரைக்கும் அவன் பேரு நிக்குது."

அன்றைக்கு நானும் சிரித்தவள்தான். பேகன் ஆண்டது பழனி மலைப் பக்கம். அவனும் நம்மைப் போல மலைக்காரன். குளிர் என்றால் என்ன என்று தெரிந்தவன்.

பேகனை விடுங்கள், சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, வளர்க்கிற பிராணிக்குப் போதுமான உணவு, தண்ணீர், தங்க இடம் கொடுக்காமல் இருப்பதும் வதைதான். அடித்தால் மட்டும்தான் வதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1976-இல் நம் அரசியலமைப்பில் சேர்த்த அடிப்படைக் கடமைகளிலும் உயிர்களிடம் இரக்கம் காட்டுவது ஒரு கடமை. குடிமையியலில் படித்துவிட்டுப் புத்தகத்தோடு மூடி வைத்துவிட்டோம்.

முடிவாக...

இப்போது எங்கள் வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில், பழைய அடுப்பு இருந்த அதே மூலையில், இரண்டு செங்கல் மேல் ஓர் அட்டைப் பெட்டி இருக்கிறது. உள்ளே என் ஆறாம் வகுப்பு ஸ்வெட்டர். ஒன்பது மணிச் சட்டத்தை அம்மாவே ரத்து செய்துவிட்டார். யூனிஃபார்மில் ரோமம் ஒட்டுகிறதுதான். காலையில் ஈரத் துணியால் ஒரு நிமிஷம் துடைத்தால் போய்விடுகிறது. அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தான் நான் அதை வெளியே விட்டிருந்தேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"அது அதைப் பாத்துக்கும்" என்று சொன்ன பாட்டியோ, ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் பெட்டிக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போய்ப் படுக்கிறார். கேட்டால், "சூடா இருக்கான்னு பார்த்தேன்" என்கிறார்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று கேட்போம். கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு, வெளியே குளிரே இல்லை என்று நினைத்தது பூனை இல்லை நண்பர்களே, நான்தான்.

இன்றைக்கு ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரே ஒரு தடவை பின்கதவைத் திறந்து பாருங்கள். உங்கள் வீட்டுப் பூனை எங்கே படுத்திருக்கிறது என்று தெரியுமா?

தெரியாது என்றால், நாளைக்கு ஓர் அட்டைப் பெட்டி தேடுங்கள்.



— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி